வீட்டில் கழுவிய பிலிம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நிழற்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மாமல்லபுரத்துக்கு ஒருநாள் படமெடுக்கப் போய்வந்தோம். ஆகஸ்ட் 19, உலக நிழற்பட நாளன்று சிறு கண்காட்சி வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம், நீங்கள் கூட்டந்தோறும் கொண்டுவந்து மேசைமேல் பரப்பிய கெட்டுப்போன நெகடிவ்களைப் பற்றித்தான்.

வந்தவர்களில் பாதிப்பேர் பிலிமைத் திட்டினார்கள், மீதிப்பேர் கேமராவை. தண்ணீரைச் சந்தேகித்தவர் யாரும் இல்லை. விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டது தண்ணீர்தான்.

மே மாதத்து நெகடிவ்கள் கரிபிடித்த சட்டிபோல் இருந்தன. எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளைப் பிலிமுக்கு, படத்தைத் தோன்றவைக்கும் ஐடி-11 என்ற டெவலப்பர் கரைசலில், மேலும் தண்ணீர் சேர்க்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்பது கணக்கு. கத்திரி வெயிலில் சென்னை மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சூட்டில் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். அதில் அதே ஏழரை நிமிடம் வைத்தால் வானமும் வெள்ளைச் சட்டையும் ஒன்றாகிவிடும். நேரத்தைக் குறைத்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சீராக வேலை செய்யாது. வானம் திட்டுத்திட்டாக வரும். சரிபாதி தண்ணீர் சேர்த்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் ஏறக்குறைய ஒன்பது. நம் ஊருக்கு இதுவே தோது. பனிக்கட்டியை வாளியில் போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்துங்கள். டெவலப்பருக்குள்ளேயே பனிக்கட்டி போட்டவர் யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை.

ஆழ்துளைக் கிணற்று உப்பு அடுத்த தொல்லை. காய்ந்த பிலிமில் வெள்ளைப் புள்ளிகள் பளபளப்பான முதுகுப் பக்கம் இருந்தால் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுக்கலாம். படம் பதியும் மருந்துப் பக்கம் இருந்தால் துடைக்கவே கூடாது. மறுபடி ஊறவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய உதவும் வெட்டிங் ஏஜெண்ட் சில சொட்டு விட்டு அலசித் தொங்கவிடுங்கள். ஒரு ரோலுக்கு அரை லிட்டர் போதும். இதற்குக் கணக்குப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சிக்கனம் வேறோர் இடத்திலும் கெடுத்தது. பிலிம் கழுவும் பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மில்லி கரைசல் வேண்டும். 200 மில்லியோடு நிறுத்தியவருடைய ரோலில் ஓர் ஓரம் நெடுக வெளிறிய பட்டை.

பால்போல் மங்கிய நெகடிவைக் கண்டு கலங்க வேண்டாம். அது, டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைப்படுத்த ஊற்றும் பிக்சர் கரைசல் செத்துப்போனதன் அடையாளம். புதுப் பிக்சரில் மறுபடி போட்டால் தெளிந்துவிடும். பிலிமின் தொடக்கத்தில் வெட்டி எறியும் நாக்கைப் பிக்சரில் போட்டு, எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று பாருங்கள். புதிதாகக் கலக்கியபோது ஆனதைப்போல் இருமடங்கு ஆனால் கொட்டிவிடலாம்.

வெறுமையாக வந்த ரோல்களில்தான் சண்டை அதிகம். முதலில் பிலிம் ஓரத்தில் ஆலையிலேயே பதித்த எண்களைப் பாருங்கள். எண்கள் பளிச்சென்று இருந்தால் கழுவியதில் குறையில்லை. பெரும்பாலும் பிலிம் கேமராவுக்குள் நகர்ந்தே இருக்காது. எண்களும் இல்லையென்றால் டெவலப்பர் செத்திருக்கும், அல்லது பிக்சரை முதலில் ஊற்றியிருப்பீர்கள். இரண்டாவதை ஒரு தடவை நானே செய்திருக்கிறேன். மகாபலிபுரத்துக் கடற்கரை முழுவதும் அதில் போயிற்று.

ஓரம் உட்பட ரோல் முழுவதும் கறுத்துவந்தது ஒரே ஒருவருக்கு. டேங்கின் நடுக்குழாயைப் போடாமல் மூடியிருக்கிறார். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் இல்லாவிட்டால் வெளிச்சம் உள்ளே போய்விடும். அது சங்கத்தின் டேங்க். குழாய் வந்துசேரவில்லை. வைத்திருப்பவர் இன்று தேநீர் இடைவேளைக்குள் பொருளாளரின் மேசையில் வைத்துவிட்டால் பெயர் கேட்கமாட்டோம்.

செயலாளர்