பழைய கார் குமிழ்களுக்குப் பசை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரின் டேஷ்போர்டில் ஆடிக்கொண்டிருக்கும் குமிழ்களை என்ன செய்வது என்று கேட்ட வாசகருக்கு, உடனடியாக ஒட்டும் பசையில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் பதில் வெளியாகியிருந்தது. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள், ஆனாலும் அந்த ஒரு சொட்டால் வரும் பாட்டை நான் பட்டிருப்பதால், மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

நான் வாங்கிய காரின் வைப்பர் குமிழை, எனக்கு முன்பு வைத்திருந்த யாரோ இப்படித்தான் ஒட்டியிருந்தார். ஆறு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு உள்ளே இருந்த சுவிட்ச் பழுதானது. அந்தக் காலத்துப் பழைய கார்கள் பலவற்றில் சுவிட்சை டேஷ்போர்டோடு பிடித்திருக்கும் வளைய நட் முன்பக்கம், குமிழுக்கு அடியில் ஒளிந்திருக்கும். குமிழ் வந்தால்தான் நட்டைத் தொட முடியும், நட் வந்தால்தான் சுவிட்ச் வெளியே வரும். ஒட்டிய குமிழ் வரவில்லை. கடைசியில் ரம்பத் தகட்டால் அறுக்கப்போய் அது மூன்று துண்டாகச் சிதறியது. அந்தக் குமிழ் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக், ஒருமுறை இறுகிய பின் சூட்டுக்கு இளகாத பொருள். அதை உருக்கிச் சேர்க்கவும் வழியில்லை. போதாததற்கு, பசையின் ஆவி பக்கத்து மீட்டர் கண்ணாடியின் உட்புறத்தில் வெண்புகைபோலப் படிந்திருந்ததையும் அன்றுதான் கவனித்தேன்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, ஆடுவது எது என்று பார்ப்பதுதான். குமிழை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்பும்போது அடியிலுள்ள வளைய நட்டும் கூடவே சுழன்றால், குற்றம் குமிழில் இல்லை. சுவிட்ச் முழுவதுமே தளர்ந்திருக்கிறது. அதை அப்படியே திருகிக்கொண்டிருந்தால் பின்னால் ஒயர்கள் முறுக்கிக்கொள்ளும். வயதாகி வெடித்துப்போன ரப்பர் உறையும் துணி உறையும் உதிர்ந்து, ஷார்ட் ஆக அதிக நேரம் ஆகாது. பாட்டரியைக் கழற்றிவிட்டு நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் கழற்றுவதிலும் ஒரு விஷயம் உண்டு. 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று கைப்பழக்கத்தில் போகாமல், எந்த முனை பாடிக்குச் செல்கிறதோ அதை முதலில் கழற்ற வேண்டும்.

குமிழே ஆடுகிறது என்றால், அது சுவிட்சின் தண்டில் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் பக்கவாட்டில் தலையில்லாத ஒரு சிறு திருகு இருக்கும். பட்டறையில் கிரப் ஸ்குரு என்பார்கள். அழுக்கும் மெருகும் அடைத்து அது கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும், குத்தூசியால் சுரண்டினால் புலப்படும். திருகின் முனையிலுள்ள காடியின் (பிளவின்) அகலத்துக்குச் சரியான ஸ்குரு டிரைவர் இல்லாமல் அதைத் தொட்டால் காடி சிதைந்துவிடும். துருப்பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் விட்டுவைப்பது நல்லது. திருகு தொலைந்திருந்தால், கையில் கிடைத்த மெட்ரிக் திருகைப் போட்டு முறுக்கக் கூடாது. பழைய பிரிட்டிஷ் மின்பாகங்களில் பெரும்பாலும் இருப்பது பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை, அதன் கோணம் 47.5 டிகிரி, மெட்ரிக்கில் 60 டிகிரி. முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி, அதன்பின் மரையைத் தின்றுவிடும். சரியான திருகாக இருந்தாலும் அதன் முனை தண்டில் உள்ள தட்டையான பகுதியிலோ சிறு குழியிலோ உட்கார வேண்டும். உருளையான பக்கத்தில் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மேலும் இறுக்கினால் பேக்கலைட் பிளக்கும்.

திருகே காணோம் என்றால் உடனே இழுத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் கார்களில் வந்த லூகாஸ் நிறுவனத்தின் சுவிட்சுகள் பலவற்றில் குமிழின் கழுத்தில் ஊசி நுழையும் அளவு துளை இருக்கும். அதன் உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு முளையை அழுத்தியபடி இழுத்தால் குமிழ் வந்துவிடும். இங்கு ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த முளை அழுக்கில் சிக்கி முழுதாக வெளிவராமல் நிற்பதுதான், கழுவினால் சரியாகும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பச் சோக் இழுக்கும் குமிழ்களில் சில வெறும் மரையில் நிற்பவை. எந்த வகையானாலும், பிடிப்பை விடுவித்த பிறகும் வர மறுக்கும் குமிழை ஸ்குரு டிரைவரால் நெம்பாமல், அதன் பின்னால் ஒரு பருத்தித் துணி நாடாவைச் சுற்றி இரு முனைகளையும் சேர்த்து நேராக இழுத்தால், டேஷ்போர்டின் பெயின்டும் தப்பும், குமிழும் தப்பும்.

துளையே தேய்ந்து பெருத்திருந்தால்தான் நிரப்பும் வேலை வருகிறது. 6 மில்லிமீட்டர் தண்டில், கால் அங்குலத் தண்டுக்கான, அதாவது 6.35 மில்லிமீட்டர் துளையுள்ள ரேடியோ குமிழை யாரோ மாட்டிவைத்திருப்பதையும் பார்க்கலாம். இரண்டுக்கும் மெல்லிய பித்தளைத் தகட்டைத் தண்டைச் சுற்றி ஒரு சுற்று வைத்து, திருகு வரும் இடத்தில் துளையிட்டுப் பொருத்தினால் ஆட்டம் நின்றுவிடும். துளையின் வடிவமே சிதைந்திருந்தால், தண்டில் மெழுகு தடவி, குமிழுக்குள் எபாக்சி என்ற, இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவைக்கும் பசையை இட்டுப் பொருத்தி இறுகவிட வேண்டும். மெழுகு இருப்பதால் பசை குமிழோடு நின்றுவிடும், தண்டைப் பிடிக்காது, வேண்டியபோது கழற்றலாம். பசையில் எனக்கு விரோதம் இல்லை, அது தண்டைப் பிடிப்பதில்தான். திருகு தானாகத் தளராமலிருக்கப் போடும் நீல நிறப் பூட்டுத் திரவமும் உலோகத்தோடு உலோகம் சேரும் மரைக்கு மட்டுமே. சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும்.

கேள்வி கேட்ட வாசகர் இதற்குள் பசையை ஊற்றியிருந்தால், குமிழ் பேக்கலைட்தானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பேக்கலைட் என்றால், பஞ்சு சுற்றிய குச்சியில் அசிட்டோனைத் தொட்டு, கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் சிறிது சிறிதாக வைத்துக் காத்திருந்தால் பசை இளகக்கூடும். சுற்றியுள்ள பெயின்டைத் துணியால் மூடிக்கொள்வது கட்டாயம். செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக் குமிழாக இருந்தால் அசிட்டோனைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம், குமிழே கரைந்துவிடும். முந்தைய பதிலுக்கான திருத்தத்தைத் தாங்கள் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர்