சொந்தக் கையால் கட்டிய விமானத்தை ஓட்டக் கட்டுபடியாகுமா? டிஜிசிஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீட்டு மாடியிலோ கொட்டகையிலோ தங்கள் கையாலேயே சின்ன விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் சார்பாக எழுதுகிறேன். விமானப் பராமரிப்புதான் என் தொழில். ஏரோநாட்டிகல் படித்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, கட்ட எவ்வளவு ஆகும் என்பதல்ல. "கட்டி முடிச்சப்புறம் ஓட்டக் கட்டுபடியாகுமா சார்?" என்பதுதான். இயந்திரக் கணக்கை மட்டும் பார்த்தால் தாராளமாக ஆகும். அந்தக் கணக்கைக் கெடுக்கும் மற்ற விஷயங்களில் பெரும்பாலானவை உங்கள் மேஜையில் இருக்கின்றன.

இரண்டு பேர் உட்காரும் வேன்ஸ் ஆர்வி-12 மாதிரியான ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மணிக்கு 18 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டருக்கு 11 கிலோமீட்டர், ஒரு பழைய கார் தரும் மைலேஜ். வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தால் 900 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 90,000 ரூபாய்தான். மூன்று நண்பர்கள் கூட்டாக வைத்துக்கொண்டால் தலைக்கு 30,000.

ஆனால் இந்த விலையில் கிடைக்கும் பெட்ரோலை அந்த எஞ்சினில் ஊற்ற முடியாது. ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு 10 சதவீத எத்தனால் வரைதான் தயாரிப்பாளரின் அனுமதி. நம் பங்க்குகளில் இன்று கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. ஒரு அளவுக் குழாயில் 90 மில்லி பங்க் பெட்ரோலையும் 10 மில்லி தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி, சற்று நேரம் நிமிர்த்தி வையுங்கள். அடியில் 10 மில்லி இருந்த தண்ணீர்க் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியிருக்கும். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டதுதான் காரணம். விமானத் தொட்டியின் அடியிலும் இதே நடக்கலாம், அதுவும் நடுவானில். பங்க் பெட்ரோலை ஊற்றாதே என்று சொல்லும் கட்டுப்பாடு எனக்கும் சம்மதமே.

அப்படியானால் மிச்சம் இருப்பது விமானங்களுக்கென்றே தயாராகும் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல். 2022 முதல் இந்தியன் ஆயில் அதை வதோதராவிலேயே தயாரிக்கிறது, பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சின்ன விமான ஓடுதளங்களில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. தவிர, அதில் ஈயம் இருக்கிறது. ரோட்டாக்ஸில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் ஈயக் கசடு இரண்டிலும் போய்த் தங்கும். அதனால்தான் தொடர்ந்து ஏவ்காஸ் ஊற்றுகிறவர்களை, ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது தயாரிப்பாளரின் கையேடு. எரிபொருளில் ஏறும் செலவு பராமரிப்பிலும் ஏறுகிறது. பயிற்சி விமான தளங்களிலாவது எத்தனால் கலக்காத, ஈயமில்லாத பெட்ரோலைத் தனியாக விற்க எண்ணெய் நிறுவனங்களுடன் பேசுங்கள். முதல் வேண்டுகோள் இதுதான், என்னைக் கேட்டால் மிக அவசரமானதும் இதுதான்.

அடுத்தது கையெழுத்து, அதாவது எஞ்சினும் விமானமும் பறக்கத் தகுதியானவை என்று யார், எதைப் பார்த்துச் சான்றளிப்பது என்பது. அந்த எஞ்சினை 2,000 மணி அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறது நிறுவனம். வருடம் 50 மணி பறப்பவர் 15 வருடத்தில் 750 மணிதான் ஓட்டியிருப்பார். நல்ல நிலையில் உள்ள எஞ்சினைக் காலண்டரைப் பார்த்துக் கழற்றினால், மணிக் கணக்கில் அவருக்கு ஆகும் செலவு இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டியவற்றுக்கு இந்த வரம்பு கட்டாயமில்லை. எஞ்சினின் நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்: கம்ப்ரஷன் அளக்கிறார்கள், ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே மடிந்திருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் உலோகத் துகள் தேடுகிறார்கள், ஆயிலில் வரும் இரும்புத் துகளைப் பிடித்து வைக்கும் காந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் தானே கட்டியவருக்கு, அந்த ஒரு விமானத்தின் வருடாந்தரப் பரிசோதனையில் கையெழுத்திடும் சான்றிதழும் கிடைக்கும். விமானத்தை விற்றால் வாங்கியவருக்கு அந்த உரிமை போகாது. இங்கேயும் கட்டியவருக்கு இந்த உரிமையை, தேர்வு வைத்தாவது, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிக்கொடுங்கள்.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. அமெரிக்க விபத்து ஆய்வு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே சிறு விமானங்களில் சுமார் 10 சதவீதம்தான் சொந்தமாகக் கட்டியவை. ஆனால் 2011இல் உயிர் பறித்த விபத்துகளில் 21 சதவீதம் இவற்றுடையவை. எஞ்சின் நின்றுபோனதும் கட்டுப்பாடு இழந்ததுமே முக்கியக் காரணங்கள். ஆகவே முதல் பறப்புகளில் துளியும் சலுகை வேண்டாம். தரையிலேயே, மூக்கைத் தூக்கி வைத்து, எரிபொருள் போதுமான வேகத்தில் வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கூடவே நம் வெயிலிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். நிறுவனங்கள் அச்சிடும், கிளம்ப ஓட வேண்டிய தூரமும் ஏறும் வேகமும் கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற கணக்கில் வருபவை. கோயம்புத்தூர் விமான நிலையம் ஏறக்குறைய 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. சித்திரையில் 38 டிகிரி அடித்தால் அங்கே தரையிலேயே இறக்கைக்குக் கிடைப்பது சுமார் 4,400 அடி உயரத்தில் இருக்கும் மெலிந்த காற்று. அந்த 100 குதிரைத்திறன் 85 பக்கம் இறங்கிவிடும். இரண்டு பேர், முழுத் தொட்டி, மதிய நேரம் என்றால் கையேட்டை நம்பிக் கிளம்பியவர் ஓடுதளத்தின் முனையில்தான் உண்மையைத் தெரிந்துகொள்வார். முழு எடையில், கோடை வெப்பத்தில் தானே அளந்த அட்டவணை இல்லாத விமானத்துக்கு ஆள் ஏற்ற அனுமதி தராதீர்கள். கட்டுகிறவர்களே இதை வரவேற்பார்கள்.

கொட்டகை வாடகை, காப்பீடு இரண்டும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கட்ட வேண்டியவை. அதனால் அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் செலவுதான். மும்பை கண்டிவலியில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், 2016இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை நாட்டுக்கே காட்டினார். பதிவு எண் 2017இல் வந்தது, பறக்கும் அனுமதி 2019இல். அதே காலத்தையொட்டி, ஆலப்புழையில் பிறந்த ஒரு பொறியாளர் இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்கின்போது நாலு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கி, 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். அங்கே இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கட்டும் கட்டத்திலேயே வந்து பார்க்கிறார்கள், ஒவ்வொரு படிக்கும் கையெழுத்திடுகிறார்கள். இங்கே ஆய்வாளர் எந்தெந்தக் கட்டத்தில் வருவார், எத்தனை நாளுக்குள் பதில் தருவார் என்று தேதி போட்டு ஒரு அட்டவணை வெளியிடுங்கள். சம்பளம் வாங்காமல் அந்த ஆய்வுக்கு வர, அனுபவமுள்ள பராமரிப்புப் பொறியாளர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர்