58 கிலோ போதும், கயல்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாடி அறையின் ஒழுகலைச் சரிசெய்தாகிவிட்டது. அம்மாவின் சர்க்கரை அளவு சென்ற மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. மற்றச் செய்திகளை அவள் தொலைபேசியில் சொல்லியிருப்பாள், நீ எடுத்திருந்தால்.

நீ அண்ணனுக்கு அனுப்பிய எடைக் கருவியின் படத்தை அவன் என்னிடம் காட்டினான். பொங்கலுக்கு வந்தபோது 72 கிலோ இருந்தவள், சித்திரைப் பிறப்பன்று 58 கிலோ. அவன் பெருமையோடுதான் காட்டினான்; நானும் முதலில் பெருமைதான் பட்டேன். உப்பளம் மைதானத்தில் 800 மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மன உறுதியைப் பற்றி எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் படத்துக்குக் கீழே "இன்னும் பத்து" என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு, ஒரு தாளை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டேன். உடற்கல்வி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. பெற்ற மகளுக்காகப் போடுவதுதான் புதிது.

ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 14 கிலோவுக்கு ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் மேல். அதை மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 1,200 கலோரி வருகிறது. முதல் இரண்டு வாரங்களில் போனதில் நீரும் இருந்திருக்கும் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும், 160 சென்டிமீட்டர் உயரமுள்ள, உன் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவையானதே 1,800, 1,900 கலோரிதான். காலையும் மாலையும் ஓடி நீ ஓர் 500 கலோரியைச் செலவழித்தாலும், மிச்சத்தைத் தட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறாய். நீ சாப்பிட்ட கொஞ்சத்திலும் பாதி ஓட்டத்துக்கே போய்விட்டால், இதயமும் மூளையும் ரத்தமும் எலும்பும் எதை வைத்து நடந்தன? காலையில் பாலில்லாத காப்பி, மதியம் வெள்ளரிக்காய், இரவில் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி என்று உன் அறைத்தோழி அம்மாவிடம் சொன்னாளாம். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே. அம்மா துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னாள்.

காலையில் சாப்பிடு, கயல். இதை ஒரு தடவை எழுதினால் நீ தாண்டிப் போய்விடுவாய் என்பதால் மறுபடியும் எழுதுவேன்.

உணவைக் குறைக்கவே கூடாது என்றோ ஓடவே கூடாது என்றோ நான் சொல்வதாக எண்ணிவிடாதே. எடை குறைய இரண்டும் சேர வேண்டும் என்று என் வேலைக்காலம் முழுதும் சொல்லி வந்தவன் நான். நம் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நடப்பவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். வண்டிகளை விடுவதற்குள் காந்தி சிலையைத் தாண்டிப் போய்த் திரும்பி, ஒரு மணி நேரம் நடந்து, சுமார் 250 கலோரியைச் செலவழித்துவிட்டு, இரண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே தள்ளினால், நடந்தது எல்லாம் ஏறக்குறையத் திரும்பி வந்துவிடும். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. வருடக்கணக்காக நடந்தும் தொப்பை குறையவில்லை என்று என்னிடம் குறைப்படும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வடைக்குக் கை நீட்டுவார்கள். அது வேறு கதை.

மறுபக்கம், உடலை அசைக்காமல் சோற்றை மட்டும் குறைப்பவர்களுக்கு எடை இறங்கும். ஆனால் இறங்குவது முழுவதும் கொழுப்பு அல்ல. ஏறக்குறையக் கால் பங்கு தசையாக இருக்கும். அந்தத் தசையைக் காப்பாற்றத்தான் உடற்பயிற்சி, அதிலும் எடை தூக்கும் பயிற்சி. குறைத்த எடையை ஏறாமல் நிறுத்திவைக்கவும் அதுவே துணை. இதுதான் இரண்டையும் சேர்ப்பதன் பொருள். நீ சேர்த்திருப்பதோ வேறு. வயிற்றையும் காயப்போட்டு, புரதமும் இல்லாமல், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட மட்டும் செய்தால், உடல் தன் தசையையே உடைத்து எரிக்கத் தொடங்கிவிடும். விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பது போன்றது அது. அன்றைக்குப் பசி தீரும், அடுத்த போகத்துக்கு ஒன்றும் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்லியிருப்பது, மிதமான உழைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. நீ செய்வது வாரத்துக்கு 400 நிமிடத்தைத் தாண்டுகிறது. தசைக்கான பயிற்சியோ ஒரு நாள்கூட இல்லை.

1944ஆம் ஆண்டின் இறுதியில், போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். தாமாக முன்வந்த, திடகாத்திரமான 36 இளைஞர்கள். அவர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி. நாளுக்குச் சுமார் 1,600 கலோரிதான் உணவு. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உணவுக் குறைப்பும் உடற்பயிற்சியும் சேர்ந்தேதான் இருந்தன, பார்த்தாயா? உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அதை எதிர்பார்த்துத்தான் செய்தார்கள். கூடவே வேறு சிலவும் நடந்தன. வெயில் காலத்திலும் அவர்களுக்குக் குளிர்ந்தது. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கிப்போனார்கள், சிறு சொல்லுக்கும் எரிந்து விழுந்தார்கள், பேச்சுத் துணையை வெறுத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு அவற்றையே படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஆசிரியர் பயிற்சியின்போது இதைப் படித்த காலத்தில் எனக்கு அது ஒரு பாடம், அவ்வளவுதான். நீ இரவு வெகுநேரம் விழித்திருந்து பிரியாணி செய்யும் காணொளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்ட அன்று அதை மறுபடியும் தேடியெடுத்துப் படித்தேன்.

நீ பேசாமல் இருப்பதற்குப் பசி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறேன். காணொளி அழைப்பில் கேமராவை அணைத்துவைத்துக்கொண்டு நீ "வேலை இருக்குப்பா" என்று சொல்லும்போது, உன் முகம் எப்படி இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எடைக் கருவியைப் படம் எடுக்க நேரம் இருக்கிறது; பெற்றவளுக்கு முகத்தைக் காட்ட நேரம் இல்லை. அம்மா இதை உன்னிடம் கேட்கமாட்டாள். சமையலறையில் நின்று என்னிடம் கேட்கிறாள்.

நீ இதைத் தொடங்கிய காரணம் சரியானது என்பதை நான் மறக்கவில்லை. அலுவலகப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.9, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை, என்று வந்தபோது நீ பயந்ததிலும் நியாயம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று இருந்தது. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். நம் வீட்டிலோ ஆயா, அம்மா, பெரியப்பா என்று வரிசையாக இருக்கிறார்கள். ஆனால் அதே நோயைத் தடுக்க எவ்வளவு எடை குறைய வேண்டும் என்றும் பார். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வைத்த இலக்கு, உடல் எடையில் 7 விழுக்காடும் வாரத்துக்கு 150 நிமிட உழைப்பும்தான். அதற்கே நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 72 கிலோவில் 7 விழுக்காடு 5 கிலோ. அதை நீ மாசி மாதத்திலேயே தாண்டியிருப்பாய். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசேஷமானது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட நம் மக்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. எடைக் கருவி காட்டாத நன்மையும் உடலுக்குள் நடக்கிறது என்று அதற்குப் பொருள். நம்மைப் போன்ற இந்தியர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை எண் (BMI) 23க்குக் கீழே இருந்தால் போதும். 58 கிலோவில் உனக்கு அது 22.7. நீ ஊர் வந்து சேர்ந்துவிட்டாய். பிறகு யாருக்காக அந்த "இன்னும் பத்து"?

இந்தக் கேள்விக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 58இலேயே நில். ஓட்டத்தை வாரத்துக்கு நான்கு நாளாகக் குறை. இரண்டு நாள் எடை தூக்கு. உன் குடியிருப்பிலேயே டம்பெல்ஸ் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். இல்லாவிட்டால் சிறுவயதில் நம் மொட்டை மாடியில் செய்த பஸ்கியும் தண்டாலும் போதும். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும். உனக்கு நாளுக்கு 70 கிராம். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7; மீதியைப் பருப்பும் சுண்டலும் தயிரும் பார்த்துக்கொள்ளும். வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் விலையில் மலிவு, சத்திலும் குறைவில்லை. சோற்றை அறவே ஒதுக்காதே. அளவைக் குறைத்துக் காயைக் கூட்டிக்கொள். காலையில் சாப்பிடு. ஓடிவிட்டு வந்ததும் சாப்பிடு. எப்போதாவது பரோட்டா தின்றுவிட்டால் மறுநாள் அதற்குத் தண்டனையாக இரட்டிப்பு ஓட்டம் ஓடாதே. என் மாணவிகளில் சிலர் அப்படித்தான் கெட்டுப்போனார்கள்.

இன்னொன்று. நிறைய ஓடிக் குறைவாகத் தின்னும் பெண்களுக்கு முடி கொத்தாக உதிரும், எலும்பு தேயும், வேறு சிலவும் தவறும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014இல் இதற்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் சேரவும் கூடும். "வேறு சில" என்று நான் எழுதியதை அம்மா உன்னிடம் நேராகக் கேட்பாள். மறைக்காமல் பதில் சொல். மூன்று மாதமாக இல்லை என்றால் பெண் மருத்துவரிடம் அந்த வாரமே போ. ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்து அறிக்கையை எனக்கு அனுப்பு. எடைக் கருவியின் படம் வேண்டாம்.

உன்னைப் பெண் பார்க்க வந்த வில்லியனூர்க்காரர்களைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை தரகர் வீட்டுக்குப் போய் உன் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "மறுபடியும் பேசிப் பார்க்கலாம், பொண்ணு இப்ப ரொம்ப மாறிட்டதா கேள்விப்பட்டேன்" என்றார். எங்கே கேள்விப்பட்டாரோ! காரணம் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜாதகம் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. நீ எடுக்கச் சொல்லும்வரை அங்கேயே இருக்கும். அன்று நம் வீட்டுக் கூடத்தில் அந்த அம்மாள் சொன்னதற்கு உன் உடம்பு பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, பாப்பா.

அம்மா வேர்க்கடலை உருண்டையும் பருப்புப் பொடியும் கட்டிவைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். உருண்டை வெல்லம் போட்டது, ஒன்றில் சுமார் 100 கலோரி இருக்கும்; அதையும் உன் செயலியில் எழுதிக்கொள், ஆனால் தின்றுவிட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா அழைப்பாள். கேமராவைப் போட்டுக்கொண்டு பேசு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா