களைத்த கால்களின் நேரத்தை வைத்து மாரத்தானைக் கணிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானுக்காக ஆகஸ்ட், செப்டம்பர் முதலே பலர் பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் நகரில் நடக்கும் அரை மாரத்தான் ஒன்றில் கலந்துகொண்டு, எதிர்பார்த்ததைவிட ஐந்தாறு நிமிடம் பிந்தி முடித்து, மனம் நொந்து திரும்புகிறவர்களை எங்கள் ஓட்டக் குழுவில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்காகவும் அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கான பயிற்சியே, முந்தைய ஓட்டத்தின் அசதி முழுவதும் தீருமுன் அடுத்ததைத் தொடங்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்படுகிறது. செவ்வாயன்று வேக ஓட்டம், வியாழனன்று மாரத்தான் வேகத்தில் ஓட்டம், ஞாயிறன்று முப்பது கிலோமீட்டர் வரை நீளும் நெடு ஓட்டம் என்று வாரங்கள் நகர நகர, கால்கள் ஒருபோதும் புத்துணர்வோடு இருப்பதில்லை. தசையில் செலவான கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை, நன்றாகச் சாப்பிட்டால் ஓரிரு நாளில் மீண்டும் சேர்ந்துவிடும். தசை இழைகளில் உண்டான நுண்ணிய சிதைவு ஆறுவதற்கோ அதைவிடக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். நெடு ஓட்டம் முடித்தவர் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ஏறும்போது அவ்வளவாகத் தெரியாத வலி இறங்கும்போது சுள்ளென்று பிடிக்கும். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதுதான் காரணம். ஓடும்போது பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசைக்கு அதே வேலைதான்.

இத்தகைய கால்களோடு போட்டிக்குப் போகிறவருக்கு மூச்சு இரைப்பதில்லை. கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பும் பெரும்பாலும் அவருடைய வழக்கமான போட்டி அளவை எட்டுவதில்லை. ஆனால் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் தாண்டியதும் தொடை கனத்து, காலடி நீளம் குறுகி, எவ்வளவு முயன்றாலும் வேகம் இறங்கிக்கொண்டே போகிறது. பல மாதங்களாகச் சேர்த்த திறன் எங்கும் போய்விடவில்லை; அசதி அதை மூடியிருக்கிறது. போட்டிக்கு முன் இரண்டு மூன்று வாரம் தூரத்தை வெகுவாகக் குறைத்து, வேகப் பயிற்சியை மட்டும் சிறிதளவு தொடரும் டேப்பர் முறையால் ஓட்ட நேரம் சராசரியாக 2 முதல் 3 சதவீதம் வரை மேம்படுவதாக விளையாட்டு அறிவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு மணி நேரத்தில் அரை மாரத்தான் முடிப்பவருக்கு இது ஏறத்தாழ மூன்று நிமிடம். விடியற்காலையிலும் வியர்வை உலர விடாத அக்டோபர் மாதச் சென்னைக் காற்றையும் இதோடு சேர்த்துக்கொண்டால், அவர் வருந்தும் அந்த ஐந்தாறு நிமிடத்தில் பெரும்பகுதிக்குக் கணக்குச் சொல்லிவிடலாம்.

ஏமாற்றமடைந்தவர் அடுத்துச் செய்வதுதான் எனக்கு உண்மையான கவலையைத் தருகிறது. பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டி, ஓய்வு நாளிலும் ஓடத் தொடங்குகிறார். சில வாரங்களில் முன்னங்கால் எலும்பில் வலியோ, குதிகால் நாணில் வீக்கமோ வந்து சேர்கிறது. நன்றாகத் தேறிக்கொண்டிருந்த ஒருவர் ஜனவரியில் தொடக்கக் கோட்டுக்கே வர முடியாமல் போவதைப் பார்ப்பது மிகுந்த வேதனை அளிக்கிறது.

களைப்போடு ஓடி வென்றவர்கள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசன் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் வெண்கலம் வென்று, இரண்டாவது ஓட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகுமுன்பே மாரத்தானில் தங்கம் வென்றார். அவருக்கு ஓட்டமே தொழில். நம்மவர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, முழுநேர அரசு ஊழியராக இருந்துகொண்டே ஆண்டுதோறும் பல மாரத்தான்களை ஓடிய ஜப்பானின் யூகி கவாவுச்சி. 2018-இல் குளிர்மழையும் எதிர்க்காற்றும் வாட்டிய பாஸ்டன் மாரத்தானில் அவர் வென்ற நேரம் 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. அதற்கு முன்பே அவர் 2 மணி 9 நிமிடத்துக்குள் ஓடியிருந்தார். அன்றைய வானிலையை விட்டுவிட்டு வெறும் நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வெற்றியின் பெருமை விளங்காது. நம் ஊர் அரை மாரத்தான் நேரத்தையும், அதற்கு முந்தைய வாரங்களில் ஓடிய தூரத்தை அருகில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே, பயிற்சியின் நடுவே போட்டிக்குப் போகிறவர், எதற்காகப் போகிறோம் என்பதை முதல்நாளே முடிவு செய்துகொள்வது நல்லது. தம் திறனை அறிவதே நோக்கமானால், முந்தைய வாரம் முழுவதும் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போகட்டும். அது இயலாதென்றால், முதல் கிலோமீட்டரிலிருந்தே மாரத்தான் வேகத்தைத் தாண்டாமல் ஓடி, தண்ணீரும், ஓடும்போதே சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல்லும் எப்போது எடுப்பது, புதுக் காலணி கடிக்கிறதா என்பவற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். பயிற்றுநர்களும் போட்டி முடிந்த அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய நேரத்தையும் வரிசைப்படுத்திப் போடும் வழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலாவது நிறுத்த வேண்டும்.

மாரத்தான் பருவத்தில் தங்கள் நாளிதழ் பயிற்சி அட்டவணை வெளியிடுமானால், அரை மாரத்தான் வரும் வாரத்துக்கு எதிரே அதை எந்த வேகத்தில் ஓடுவது, முன்னும் பின்னும் எத்தனை நாள் பயிற்சியைக் குறைப்பது என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டப் பயிற்றுநர் ஒருவர்,
திருவான்மியூர், சென்னை.