ஒற்றைச் செருப்போடு கிளம்பியவன் எழுதும் நன்றி மடல்

ஆர்கோ கப்பல் தோழர்களுக்கும், என்னைக் கரையேற்றிவிட்ட மற்ற எல்லோருக்கும்,

கிரேக்கக் கதைகளில் வரும் ஜேசன் எழுதுகிறேன். பொன் கம்பளி, அதாவது பொன்னிற ஆட்டின் ரோமத்தோல், வந்து சேர்ந்துவிட்டது. ஊர் கொண்டாடுகிற கொண்டாட்டத்தில் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்று எழுதிவிட்டால் கொஞ்சம் நிம்மதி.

இது நான் கேட்டு வாங்கிய பயணம் இல்லை. அனௌரஸ் ஆற்றுச் சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. மிஞ்சிய ஒன்றோடு பெரியப்பா பெலியாஸ் மன்னரின் விருந்தில் போய் நின்றேன். ஒற்றைச் செருப்புக்காரனால் உங்களுக்குச் சாவு என்று அவருக்குக் குறி சொல்லியிருந்தார்களாம். கருங்கடலின் அந்தக் கோடியில் உள்ள கோல்கிஸ் நாட்டுக்குப் போய்க் கம்பளியைக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். திரும்ப மாட்டேன் என்ற நம்பிக்கைதான்.

ஹெராக்ளீஸ் அண்ணா, தலைவர் யார் என்றதும் எல்லோர் கண்ணும் உங்கள் மேல்தான் போனது. எழுந்திருக்காமலே கையை உயர்த்தி, கூட்டியவனே நடத்தட்டும் என்றீர்கள். அதற்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா? மிசியா கரையில் காணாமல் போன உங்கள் பணியாள் சிறுவன் ஹைலஸைத் தேடி நீங்கள் அலைந்தபோது, உங்களை விட்டுவிட்டது தெரியாமல் விடிகாலையில் கப்பலை எடுத்துவிட்டோம். தோழன் தெலமோன் என்னைத் திட்டித் தீர்த்தான். நான் வாயே திறக்கவில்லை.

கண் தெரியாத குறிசொல்லி ஃபினியஸ் ஐயா, மோதும் பாறைகளுக்கு நடுவே முதலில் புறாவை விடச் சொன்னீர்களே, அந்த ஒரு யோசனைதான் எங்கள் உயிர். தோழன் யூஃபீமஸ் கையிலிருந்து பறந்த புறாவுக்கு வால் நுனி இறகுகள் போயின. எங்களுக்குக் கப்பலின் பின் நுனி போனது. பின்னாலிருந்து தள்ளிவிட்ட கை அதீனா தேவியுடையது.

மாலுமி டிஃபிஸுக்கு இந்த மடல் போய்ச் சேராது. வழியிலேயே நோயில் போய்விட்டான். பாறைகளைத் தாண்டிய பிறகும் அவனிடம், போக மாட்டேன் என்று பெலியாஸிடம் அன்றைக்கே சொல்லியிருக்கணும் எனப் புலம்பினேன். தோழர்களைச் சோதிக்கத்தான் அப்படிப் பேசினேன் என்று அப்பொல்லோனியஸ் எழுதியிருக்கிறார். அது அவர் பெருந்தன்மை. நீங்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று சொல்கிற காலத்தில் என் கதையை நான்கு காண்டமாகப் பாடிய கவிஞர் அவர். வழி தெரியாமல் கைபிசைந்து நிற்பவன் என்றும் பல இடத்தில் எழுதினார். அதுவும் சரிதான், ஐயா.

தேவி ஹீரா தாயே, கிழவி வேடத்தில் வந்த உன்னை வெள்ளத்தில் ஒருமுறை தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தேன். அதற்கு இவ்வளவு பெரிய கைம்மாறா!

மெடீயா, உன் பெயரைக் கடைசியில் எழுதுவது மறந்ததால் இல்லை. நெருப்பு மூச்சு விடும் காளைகளைப் பூட்டி உழு, நாகத்தின் பற்களை விதை என்று உன் அப்பா, கோல்கிஸ் மன்னர், சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெருப்பு சுடாமலிருக்கத் தைலம் தந்தவள் நீ. அந்தப் பற்களிலிருந்து முளைத்து எழும் வீரர்கள் நடுவே பாறையை எறி, தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொள்வார்கள் என்று சொல்லித் தந்தவளும் நீ. கம்பளியைக் காத்த நாகத்தை நீ பாடி உறங்கவைத்தபோது உன் பின்னால் நடுங்கிக்கொண்டு வந்தேன்.

நானே செய்த காரியம் என்றால், ஆர்ட்டெமிஸ் கோயிலில் நம்மைத் துரத்தி வந்த உன் அண்ணன் அப்சிர்ட்டஸை மறைந்திருந்து வெட்டியது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவன் தன் இரத்தத்தை இரு கைகளிலும் ஏந்தி உன் வெள்ளை முக்காட்டில் பூசினான். அந்தத் துணியை என்ன செய்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
ஜேசன்