பள்ளத்தூரிலிருந்து உமையாளுக்கு

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
பங்குனி 8

அன்புள்ள உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் நலம். காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கிறது, அந்தப் பக்கம் போனால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மேல வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நீ சொன்னபடிதான் ஆயிற்று. வேறு விசேஷம் இல்லை.

இத்துடன் ஒரு பேப்பர் துண்டு வைத்திருக்கிறேன். நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விலங்கியலுக்கு உதவிப் பேராசிரியர் எடுக்கிறார்கள். விலங்கு நடத்தையில் ஆய்வு செய்தவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருக்கிறது. சும்மா பார்வைக்குத்தான். நீ விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் பிரிவின் பெயர் போட்டு இங்கே விளம்பரம் வருவது அபூர்வம், அதனால் கத்தரித்து வைத்தேன், அவ்வளவுதான்.

பாங்கில் சர்க்குலர் படித்த பழக்கம் விடுமா, பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யு.ஜி.சி.யின் 2018 விதிகளை எடுத்து உட்கார்ந்து படித்தேன். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வருகிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. வாங்கியவர்கள் நெட் தகுதித் தேர்வு எழுதாமலே உதவிப் பேராசிரியர் ஆகலாம். அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்குகிறது, படிகள் தனி. முழுப் பேராசிரியர் என்றால் பத்து வருஷ அனுபவம், பத்துக் கட்டுரை, ஆராய்ச்சி மதிப்பெண் 120. அறிவியல் கட்டுரைக்கு 8 மார்க், கலைப் பிரிவில் எழுதினால் 10. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். 70-ம் 70-ம் 140 ஆகிறதே, எங்கள் பாங்கில் இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் ஆடிட்டர் சும்மா விட்டிருப்பாரா?

அமெரிக்காவில் பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிற முறை எனக்கு மனப்பாடம். நீ சொல்லிச் சொல்லித்தான். கோடை முடிகிற சமயம் விளம்பரம் வரும். ஆராய்ச்சி பற்றி ஒரு அறிக்கை, பாடம் நடத்துவது பற்றி ஒரு அறிக்கை, மூன்று பேராசிரியர்களின் கடிதம். அதில் தேறியவர்களிடம் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் பேச்சு. அப்புறம் மூன்று நான்கு பேரை மட்டும் நேரில் கூப்பிட்டு இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். டீன், மற்ற ஆசிரியர்கள், மாணவர்கள் என்று வரிசையாகப் பார்த்தாக வேண்டும், சாப்பாட்டு மேஜையிலும் பேட்டிதான். இதைக் கேட்டு ஆத்தா, "பொண்ணு பாக்க வந்தாக்கூட ஒரு மணி நேரந்தானே" என்றாள். வேலை கிடைத்த பிறகும் ஆறு வருஷம் போலப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். வேலை விசாவுக்குப் போடுகிற அந்தக் குலுக்கல் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது என்று நீ சொன்னது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நேரில் போய்ப் பேச வேண்டிய ஆராய்ச்சிப் பேச்சை நீ பயிற்சிக்காகப் பேசி அனுப்பிய வீடியோவை ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். திட்டாதே. நம் ஊருணிக்கரைப் பனைமரம் அமெரிக்காவில் திரையில் வருகிறது, அதைக் காட்டாமல் எப்படி இருப்பது? ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடுகிறது, பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் மீதியைக் கட்டுகிறது என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. பின்னல் எவ்வளவு நேர்த்தி என்பதைவிடக் கூடு எந்த இடத்தில் தொங்குகிறது என்பதைத்தான் பெண் குருவி பெரிதாகப் பார்க்கிறது என்று நீ சொன்ன இடத்தில் பெரியப்பச்சி, "மனை பார்த்து வீடு வாங்குற கதைதான்" என்றார். கோயிலில் யாராவது "மகள் என்ன செய்யுது?" என்று கேட்டால், குருவி பார்க்கிறாள் என்றுதான் முன்பெல்லாம் சொல்வேன். இப்போது நின்று விளக்கமாகவே சொல்கிறேன்.

போன வாரக் காற்றில் ஒரு கூடு விழுந்தது. பாதியில் விட்ட கூடு. முகப்பில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கையை விட்டுப் பார்த்தேன், உள்சுவரில் களிமண் கட்டி கட்டியாக ஒட்டிக் காய்ந்துபோய் இருக்கிறது. அதன் மேல் அலகு அழுத்திய தடம்கூட விரலில் தட்டுப்படுகிறது. அந்த மண் எதற்கு என்று உன் பேச்சு முடிந்ததும் ஒருவர் கேட்டதாகச் சொன்னாயே, என்ன பதில் சொன்னாய்? அவருக்குத் திருப்தியா? அதற்கு மேல் நீ ஒன்றும் சொல்லவில்லை.

கடிதம் கொடுத்த மூன்று பேராசிரியர்களுக்கும் நன்றி எழுதிவிட்டாயா? முடிவு எதுவானாலும் எழுத வேண்டும்.

உன் சித்தப்பா மகன் வந்திருந்தான். இந்த மாதிரி வேலைகளில் முதலில் ஒருவருக்குத்தான் ஆஃபர் கொடுப்பார்களாம். அவர் சம்பளம், லேப் அமைக்கிற பணம் எல்லாம் பேசி, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்கிற வரை மற்ற ஆட்களிடம் மூச்சு விடமாட்டார்களாம். வாரக்கணக்கில் இழுக்குமாம். அதனால் பதில் வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் கிடையாது என்றான். பொதுவாகத்தான் சொன்னான். நானும் பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தபோது ஒரு வௌவால் ஆராய்ச்சி பற்றிச் சொல்வாயே, எம்.கே. சந்திரசேகரன் குழு செய்தது. குகை இருட்டில் கூண்டில் அடைத்து வைத்த வௌவாலுக்குச் சூரியன் தெரியாது. கூட்டம் சாயங்காலம் கிளம்புவதையும் விடிவதற்குள் திரும்புவதையும் வைத்தே அது நேரம் தப்பாமல் இருக்கும், கூட்டம் இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் நழுவிவிடும் என்றாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் போன் வருகிற நேரம் தாண்டி, ஆத்தா பட்டாலையில் உட்கார்ந்தே இருந்தாள். அப்போது அது ஞாபகம் வந்தது. மறுநாள் "பிஸி அப்பச்சி" என்று உன்னிடமிருந்து ஒரு வரி. சரி, பிஸியாகத்தான் இருப்பாய்.

ஐயா ரங்கூனுக்குத் தொழில் பார்க்கப் போனால் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார். ஆனாலும் கப்பலுக்குக் கப்பல் கடிதம் வரும் என்று அப்பத்தா சொல்லும். அந்தக் கட்டு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. லாபம் வந்ததை ஒரு வரியில் எழுதிவிடுவார். நஷ்டம் வந்தால் எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அப்பத்தா அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நீயும் அந்தக் கடிதங்களைப் படித்திருக்கிறாய்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆத்தாவுக்குத் தெரியாது. நீ அங்கே நேரில் போன அன்றைக்குப் பிள்ளையார்பட்டியில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். சந்நிதியில் நின்றபோது வாயில் அது வரவில்லை. என் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடு என்றுதான் வந்தது. அப்புறம் மனசு கேட்காமல் இன்னொரு டிக்கெட் வாங்கிச் சரியாக வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் எதை எடுத்துக்கொண்டாரோ.

கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கும் ஒரு நடை போய்வந்தேன். பறவைகள் அநேகமாகக் கிளம்பிவிட்டன, மரமெல்லாம் வெள்ளை எச்சம்தான். 1977-ல் வேட்டங்குடிச் சரணாலயம் என்று அறிவித்தார்கள், ஊர்க்காரர்கள் இன்றுவரை தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இப்படி ஓர் ஊர் பக்கத்தில் இருக்கும்போது ஆராய்ச்சிக்கு இடத்துக்கா பஞ்சம்? பெங்களூரில் ராகவேந்திர கடக்கர் என்ற விஞ்ஞானி குளவிக் கூட்டைப் பார்த்தே அவ்வளவு பெயர் எடுத்தார். இதையும் சும்மாதான் சொல்கிறேன். விளம்பரத்தின் பின்பக்கம் கடைசித் தேதியை எழுதியிருக்கிறேன்.

ராத்திரி சாப்பாட்டை விடாதே. அந்த மூன்று பேருக்கும் நன்றி எழுது.

தெய்வானை மகன் அடுத்த மாதம் சிகாகோ போகிறான். ஆத்தா மணகோலமும் சீப்புச் சீடையும் கட்டிக் கொடுக்கிறாள், அவன் அங்கிருந்து தபாலில் போட்டுவிடுவான். எந்த விலாசத்துக்குப் போடச் சொல்ல? ஆகஸ்ட் வரை பழைய வீடுதானா, இல்லை மாறுகிறாயா? அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
அப்பச்சி