ரெக்கார்டு நோட்டு தின்னும் நேரத்தை வகுப்புக்குக் கொடுங்கள்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரியொன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பைத்தான் என்னும் கணினி மொழியைச் சொல்லித்தருகிறேன். "பசங்களுக்கு ஈடுபாடே இல்லை, போனை நோண்டுகிறார்கள்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். ஈடுபாட்டுக்கு நாம் விட்டுவைத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

லேபில் செய்த ஒவ்வொரு புரோகிராமையும் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதித் தர வேண்டும். செமஸ்டருக்கு 12 புரோகிராம், வகுப்பில் 60 பேர். ஆக, 720 இடங்களில் என் கையெழுத்து. கோடு போட்ட வலப்பக்கத்தில் எய்ம், அல்காரிதம், புரோகிராம், ரிசல்ட். கோடில்லாத இடப்பக்கத்தில் அவுட்புட். போன மாதம் ஒரு நோட்டில், பக்கத்து மாணவரின் பதிவு எண்ணையும் சேர்த்தே ஒருவர் எழுதியிருந்தார். கீழே, புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டது என்ற அந்த நிரந்தர வரி. நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகுதான் கண்ணில் பட்டது. இப்போது புரோகிராமை சாட்ஜிபிடி நொடியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதைப் பார்த்து நீலப் பேனாவால் எழுதும் வேலைதான் மாணவருக்கு மிச்சம். மூன்று மணி நேர லேபில் பாதி இதற்கே போகிறது.

அந்த நேரம் கிடைத்தால் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

பலகையில் நாலே வரி. ஏ என்றொரு லிஸ்ட், அதாவது வரிசைப் பட்டியல், அதில் 1, 2, 3. அடுத்த வரியில் பி-க்கு ஏ-வைக் கொடுக்கிறோம். மூன்றாவது வரி, பி-யின் கடைசியில் 4-ஐச் சேர்க்கிறது. நான்காவது, ஏ-வை பிரிண்ட் செய்கிறது. என்ன வரும்? 1, 2, 3 என்றால் ஒரு விரல். 4-உம் சேர்ந்து வரும் என்றால் இரண்டு. எர்ரர் என்றால் மூன்று. விரலை நெஞ்சோடு ஒட்டித்தான் காட்ட வேண்டும். கையைத் தூக்கவிட்டால் முதல் பெஞ்சைப் பார்த்துக் கடைசி பெஞ்சு விரலை மாற்றிக்கொள்ளும்.

பெரும்பாலும் ஒற்றை விரல்தான். விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருப்பவரிடம் சண்டை போடுங்கள், இரண்டு நிமிடம்" என்றேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரே ஆளுக்கு வீட்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேருடி. வீட்டுப் பேரச் சொல்லி அடிச்சா ஸ்கூல் பேருக்காரனுக்கு வலிக்காதா?" மறுபடி விரல் கேட்டேன். பாதிக்கு மேல் இரண்டாகியிருந்தது. அதன் பிறகுதான் திரையில் ஓட்டிக் காட்டினேன்: 4-உம் சேர்ந்தே வந்தது, ஏ, பி இரண்டும் ஒரே லிஸ்டின் பெயர்கள். உடனே பின்னாலிருந்து, "அப்ப தனியா ஒரு காபி வேணும்னா என்ன சார் பண்றது?" பாடத்திட்டத்தில் அலையாசிங் (ஒன்றுக்கே இரண்டு பெயர்), குளோனிங் (தனி நகல் எடுப்பது) என்று நாம் அச்சடித்து வைத்திருப்பதில் முதலாவது முடிந்து, இரண்டாவதை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இது என் கண்டுபிடிப்பல்ல. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாசுர் 1991-இல் தொடங்கிய முறை. பிறகு கணினி வகுப்புகளுக்கும் வந்தது. ஆதாரம் வேண்டுமென்றால், அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை 2014-இல் வந்தது. விரிவுரை மட்டுமே நடக்கும் வகுப்பில், மாணவர்கள் தாங்களே ஏதாவது செய்யும் வகுப்பைவிடத் தோல்வி ஒன்றரை மடங்கு என்கிறது அது.

வேறு இரண்டையும் முயன்றேன். புரோகிராமை வரி வரியாக வெட்டி, கலைத்துக் கொடுத்து, சரியாக அடுக்கச் சொல்வது ஒன்று. நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006-இல் எழுதிய யோசனை. ஆங்கிலத்தில் தட்டச்சத் தயங்குபவர்களும் இதில் தைரியமாக இறங்குகிறார்கள். ஜெராக்ஸ் செலவு சொற்பம். ஆனால் ஃபேனை நிறுத்தினால்தான் காகிதம் பெஞ்சில் நிற்கும், வியர்வைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் டிரைவர், கீபோர்டு அவரிடம். மற்றவரைக் கண்டக்டர் என்போம், அவர் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. முதல் முறை இது படுதோல்வி. நண்பர்களைச் சேர்த்து உட்காரவிட்டேன். கெட்டிக்காரர் ஓட்டினார், கண்டக்டர் தூங்கினார். இப்போது ஜோடியை நானே பிரிக்கிறேன், 15 நிமிடத்துக்கொரு முறை இடம் மாற்றுகிறேன். சத்தம் அதிகம்தான். பக்கத்து லேபிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு செமஸ்டர், இரண்டு பிரிவுகளுக்கு மட்டும், கையால் எழுதும் ரெக்கார்டிலிருந்து விலக்குக் கொடுங்கள். அதற்கான இன்டர்னல் மதிப்பெண்ணை வேறு விதமாகப் போடுகிறேன்: மாணவர் எழுதிய புரோகிராமில் ஒரு வரியை நான் மாற்றுவேன், என்ன ஆகும் என்று ஓட்டும் முன் அவர் சொல்ல வேண்டும். விடை தவறினாலும் காரணம் சொன்னால் பாதி மதிப்பெண் உண்டு. ஆளுக்கு மூன்று நிமிடம், 60 பேருக்கு ஒரு லேப் வகுப்பு போதும். கல்லூரியைப் பார்வையிட வருபவர்களுக்குக் காட்டக் கோப்பு வேண்டுமென்றால், மாணவர்களின் புரோகிராம்களை, அவர்கள் செய்த பிழைகளோடு, கணினியிலேயே சேமித்துத் தருகிறேன்.

அடுத்த ஆண்டுக்கான ரெக்கார்டு நோட்டு ஆர்டர் ஜூனில் அச்சகத்துக்குப் போய்விடும் என்றார்கள். அதற்குள் பதில் கிடைத்தால் 120 நோட்டைக் குறைக்கச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
முதலாண்டு பைத்தான் லேப் ஆசிரியர்